முதுகை மூடிய பிறகு தலையில் ஏன் குழாய்?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், வயது 68. சின்ன வயதில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழில் எழுதுகிறேன். ஐந்து வாரத்துக்கு முன் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகில் தோலே இல்லாமல் எலுமிச்சை அளவில் ஒரு சவ்வுப் பை இருந்தது. பிறந்த மறுநாளே அறுவை செய்து மூடினார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் பிறந்தபோது 35 சென்டிமீட்டராக இருந்த தலைச் சுற்றளவு இப்போது 41.5. தலையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் வைக்க வேண்டும் என்கிறார்கள். பச்சைக் குழந்தைக்கு இரண்டாவது அறுவையா? மூன்று வாரத்தில் தைப்பூசக் காவடி வருகிறது, நேர்த்திக்கடனை முடித்துவிட்டு வைத்துக்கொள்ளலாமா? பிள்ளை நடப்பாளா? ஏழாம் மாதத்தில் கிரகணத்தன்று மகள் வெளியே போனாள், அதனால்தான் இப்படி என்று சம்பந்தி அம்மாள் சொல்கிறார். வயிற்றில் இருக்கும்போதே அறுவை செய்திருக்கலாம் என்று லண்டனில் இருக்கும் உறவுக்காரர் சொல்கிறார். அடுத்த பிள்ளைக்கும் இப்படி வருமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தங்கையின் பேரனுக்கு இரண்டு மாதம். அவன் முதுகின் கீழ்ப்பகுதியில் மெத்தென்று ஒரு கட்டியும் கொஞ்சம் முடியும் இருக்கின்றன. தோல் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே தொலைபேசியில் கூப்பிட்டு, காவடிக்காகக் காத்திருக்க வேண்டாம், சொன்ன தேதியில் குழாய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். நேர்த்திக்கடனைக் குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு செலுத்தலாம், முருகன் காத்திருப்பான். அன்று அவசரத்தில் விட்டுப்போனதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். மகளையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் கிரகணத்தைப் பேசிவிடுவோம். உங்கள் வீட்டில் குழந்தைக்கு அடுத்தபடி அதிகம் வலிப்பது அதுதான் என்று உங்கள் குரலிலேயே தெரிந்தது. கரு உண்டான புதிதில் தண்டுவடம் ஒரு தட்டையான தகடாகத்தான் இருக்கும். வெற்றிலையின் இரண்டு ஓரங்களையும் தூக்கி மடித்து ஒட்டுவதுபோல அந்தத் தகடு மடிந்து குழாயாகிறது. மேல் முனை மூளையாகும், கீழ்ப்பகுதி தண்டுவடமாகும். இந்த வேலை கரு உண்டாகி 28 நாளுக்குள் முடிந்துவிடும். கீழே ஓர் இடத்தில் ஓரங்கள் சேராமல் நின்றுபோனால், அதன் மேல் எலும்பும் தசையும் தோலும் மூடுவதில்லை. நரம்பு வெளியே தெரிய, மேலே ஒரு மெல்லிய சவ்வுப் பை மட்டும் நிற்கும். நாங்கள் ஸ்பைனா பைஃபிடா என்று சொல்லும் குறைகளில் கடுமையான வகை இது, இதற்கு மைலோமெனிங்கோசீல் என்று பெயர். 28 நாள் என்றால் மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. உங்கள் மகளுக்கே தான் கர்ப்பம் என்று அப்போது நிச்சயமாகத் தெரிந்திருக்காது. ஏழாம் மாதத்துக் கிரகணம் வருவதற்குள் அந்தப் பை உண்டாகி நான்கு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மகள் அன்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாலும் குழந்தை இப்படியேதான் பிறந்திருக்கும். சம்பந்தி அம்மாளிடம் இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம், கணக்காகச் சொல்லுங்கள். இந்தக் குழந்தையை வளர்க்க அந்தத் தாய்க்கு நிறையத் தெம்பு வேண்டும். செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு யாராலும் இதைச் செய்ய முடியாது.

சரி, குழாய்க்கு வருவோம். மூளைக்குள் இருக்கும் அறைகளில் தண்ணீர் போன்ற ஒரு நீர் ஓயாமல் சுரக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவு. அது மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடி, ரத்தத்தில் கலந்துவிடும். முதுகில் இப்படிப் பிளவு இருக்கும் குழந்தைகளுக்குப் பின்மூளையின் ஒரு பகுதி கழுத்து எலும்புக்குள் இறங்கி, நீர் போகும் வழியை நெருக்கிவிடுகிறது. வயிற்றில் இருந்தவரை அந்த நீருக்கு முதுகுப் பை ஒரு போக்கிடமாக இருந்தது. நாங்கள் அதை மூடினோம். இப்போது போக வழியில்லாமல் நீர் தலைக்குள்ளேயே தேங்குகிறது. ஆகவே முதல் அறுவையில் தப்பு நடந்ததால் இரண்டாவது வருகிறது என்று நினைக்காதீர்கள். முதுகை மூடாமல் விட்டிருந்தால் கிருமி நேராக மூளைக்கு ஏறியிருக்கும். அதனால்தான் பிறந்து ஒன்றிரண்டு நாளுக்குள் மூடிவிட அவ்வளவு அவசரப்படுகிறோம். ஈரத் துணி போர்த்தி, குழந்தையைக் குப்புறக் கிடத்தி, ஆம்புலன்ஸில் அனுப்பிவைத்த சிஸ்டருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

பிறந்த முதல் மாதங்களில் தலைச் சுற்றளவு வாரத்துக்கு அரை சென்டிமீட்டர் அளவில் கூடும். உங்கள் பேத்திக்கு ஐந்து வாரத்தில் ஆறரை சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டாததால் தலை விரிந்து கொடுக்கிறது. ஆனால் உள்ளே மூளை நெருக்கப்படுகிறது. மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

ஷன்ட் என்கிற அந்தக் குழாய் நூடுல்ஸ் போல மெல்லியது. ஒரு முனை மூளையின் நீர் அறைக்குள் இருக்கும். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு சின்ன வால்வு. மறுமுனை கழுத்து, மார்பு வழியாக வயிற்றுக்குள் இறங்கும். வெளியே எதுவும் தொங்காது. பிள்ளை வளர வளரப் போதுமாக இருக்கட்டும் என்று வயிற்றில் நீளமாக விட்டுவைப்போம். அந்த வால்வின் கதையை நான் எல்லா வீட்டாருக்கும் சொல்வதுண்டு. 1950களில் அமெரிக்காவின் பிலடெல்பியா பக்கத்தில் ஜான் ஹோல்ட்டர் என்று ஒருவர் இருந்தார். டாக்டர் இல்லை, இயந்திர வேலை தெரிந்தவர். அவர் மகன் கேசிக்கும் உங்கள் பேத்தி மாதிரியே முதுகில் பிளவு, தலையில் நீர். அப்போதிருந்த குழாய்கள் அடைத்துக்கொண்டே இருந்தன. மகனின் மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸ் குறையை விளக்கிச் சொல்ல, அந்தத் தகப்பன் தானே உட்கார்ந்து சிலிக்கோனில் ஒரு வால்வு செய்தார். 1956 முதல் அது குழந்தைகளுக்குப் பொருத்தப்பட்டது. கேசி நீண்ட நாள் வாழவில்லை. ஆனால் இன்று உலகம் முழுக்க வைக்கப்படும் ஷன்ட்களின் மூதாதை அதுதான். ஒவ்வொரு முறை வால்வைக் கையில் எடுக்கும்போதும் எனக்கு அந்தத் தகப்பன் நினைவு வரும்.

குழாயே இல்லாமல் செய்ய முடியாதா என்று தொலைபேசியில் மாப்பிள்ளை கேட்டார். முடியும், சில குழந்தைகளுக்கு. நுண்ணிய கேமராவை உள்ளே விட்டு மூளை அறையின் தரையில் ஒரு துளை போட்டு, நீர் சுரக்கும் திசுவையும் சுட்டுவிடும் முறை ஒன்று உண்டு. நம் கண்டத்தில், உகாண்டாவின் எம்பாலேயில் இருக்கும் குழந்தைகள் மருத்துவமனையில் பெஞ்சமின் வார்ஃப் அதை வளர்த்தெடுத்தார். உங்கள் பேத்திக்கு அது பொருந்துமா என்பதை ஸ்கேனைப் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும். கேளுங்கள். கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஷன்ட் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்கு வைக்கும் ஷன்ட்களில் ஏறக்குறைய பாதி இரண்டு வருடத்துக்குள் அடைபட்டோ கிருமி பிடித்தோ மறுபடி திறக்க வேண்டியதாகிறது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். உச்சிக்குழி உப்பிக்கொண்டு துடிப்பில்லாமல் இருப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், கீச்சென்ற அழுகை, கண்மணி கீழே சாய்ந்து மேலே வெள்ளை தெரிவது, வால்வு இருக்கும் இடத்தில் சிவப்பு, காரணமில்லாத காய்ச்சல். இதில் எது வந்தாலும் அந்த ராத்திரியே கிளம்புங்கள். வெகு நாளைக்கு முன், வயிற்றுக் கோளாறு என்று ஓரிடத்தில் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குழந்தையை இரண்டு நாள் கழித்து என்னிடம் கொண்டுவந்தார்கள். உயிர் பிழைத்தது, பார்வை பிழைக்கவில்லை. அதிலிருந்து எல்லாத் தாய்மாரிடமும் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறேன்: “என் பிள்ளைக்கு ஷன்ட் இருக்கிறது, அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.” எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் உள்ளே நுழைந்ததும் இதைச் சொல்ல வேண்டும். கிளினிக்கில் குழந்தைக்குக் கொடுக்கும் ரோட் டு ஹெல்த் என்ற உடல்நலப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் எழுதி ஒட்டுங்கள். பால் குடிக்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ அதுவும் அவசரம்தான், பின்மூளை நெருக்கப்படுவதன் அடையாளம் அது.

நடப்பாளா என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகு அறுவை, வெளியே கிடந்த நரம்பைச் சுருட்டி உள்ளே வைத்து, அதன் உறையையும் தசையையும் தோலையும் அடுக்கடுக்காக மூடுகிறது. அதற்கு மேல் பழுது ஆகாமல் காக்கிறது. ஏற்கனவே உருவாகாத நரம்பை அது உருவாக்குவதில்லை. ஆகவே பிளவு எந்த உயரத்தில் இருந்தது என்பதுதான் நடையைத் தீர்மானிக்கிறது. குழந்தை இடுப்பை மடக்குகிறாள், முழங்காலை நீட்டி உதைக்கிறாள், பாதம் மட்டும் தொய்ந்து உள்பக்கம் திரும்பியிருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னீர்கள். முழங்காலை நீட்டுகிற தசைக்கு உயிர் இருப்பது நல்ல செய்தி. இப்படிப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் நடக்கிறார்கள். கணுக்காலைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை போட்டுக்கொண்டு, மற்றப் பிள்ளைகளைவிடத் தாமதமாக, இரண்டு மூன்று வயதில். உறுதிமொழி தர மாட்டேன், ஆனால் நம்பிக்கை வைக்க இடமிருக்கிறது. திரும்பிய பாதத்துக்கு வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப்போட்டு நேராக்கும் பொன்செட்டி முறை இருக்கிறது. இவர்களுக்குத் தோலில் உணர்ச்சி குறைவு என்பதால் கட்டு கூடுதல் கவனத்தோடு போடப்பட வேண்டும். பிஸியோதெரபிக்குத் தவறாமல் கூட்டிப்போங்கள்.

நடையைப் பற்றிப் பத்துப் பேர் கேட்பார்கள், சிறுநீரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் கடிதத்திலும் அது இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை, அம்மா. சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பு தண்டுவடத்தின் அடியில் இருப்பதால், நன்றாக நடக்கும் குழந்தைக்கும் பை சரியாக வேலை செய்யாது. நாப்பி எப்போதும் நனைந்தே இருக்கிறது, நன்றாகத்தான் போகிறாள் என்று வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் பை காலியாகாமல் நிறைந்து வழிந்துகொண்டிருக்கும். உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீர் பின்பக்கமாகச் சிறுநீரகத்துக்கே திரும்பும். வலி இருக்காது, வெளியே ஒன்றும் தெரியாது, வருடங்கள் போன பிறகு சிறுநீரகம் கெட்டுப்போயிருப்பது தெரியவரும். முன் தலைமுறையில் இந்தப் பிள்ளைகள் பலர் இறந்தது முதுகால் அல்ல, சிறுநீரகத்தால். 1972-ல் அமெரிக்காவில் ஜாக் லாபிடெஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர் அதை மாற்றினார். கிருமி நீக்கிய அறை தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய கதீட்டர் விட்டுப் பையைக் காலி செய்தால் சிறுநீரகம் தப்பும் என்று காட்டினார். இன்றும் அதுதான் வழி, பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. முதல் தடவை கை நடுங்கும். ஒரு வாரத்தில் நாப்பி மாற்றுவது போல ஆகிவிடும். மகள் வேலைக்குத் திரும்பிவிட்டால் பகல் முழுக்கக் குழந்தை உங்கள் மடியில்தானே? அதனால் நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில் தானே செய்துகொள்ளப் பழகிவிடுவாள். சிறுநீரக ஸ்கேன் எப்போது என்று ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்குள் கேட்டு வாங்குங்கள். மலச்சிக்கலும் இருக்கும், அது முற்றினால் சிறுநீர்ப்பையும் கெடும்.

இனி உங்களைப் போன்ற ஆயாமாருக்கென்றே சில வார்த்தைகள். நம் வீடுகளில் குழந்தையைக் காலில் போட்டு, ஆவி பறக்கும் வெந்நீரில் குளிப்பாட்டுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. உங்கள் பேத்தியின் காலுக்குச் சூடு தெரியாது, சுட்டாலும் அழ மாட்டாள். முழங்கையை விட்டுப் பார்த்து வெதுவெதுப்பாக மட்டும் ஊற்றுங்கள். சுடுநீர்ப் பை வேண்டாம். தலையைப் பிடித்துவிட்டு வடிவமாக்குவது, வால்வின் மேல் எண்ணெய் தேய்த்து அழுத்துவது இரண்டும் கூடாது. மாரியம்மனுக்கு மொட்டை வேண்டுதல் இருந்தால், புண் முழுக்க ஆறிய பிறகு எங்களைக் கேட்டுவிட்டு மெஷினால் ஒட்ட வெட்டுங்கள், சவரக் கத்தி வேண்டாம். அப்புறம், ரப்பர் பலூனும் ரப்பர் கையுறையும் இவளுக்கு ஆகாது. இந்தக் குழந்தைகளுக்கு இயற்கை ரப்பர் ஒவ்வாமை எளிதில் வந்து உயிருக்கே ஆபத்தாகும். பல் டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள்.

லண்டன் உறவுக்காரர் சொன்னது பொய்யில்லை. தாயின் வயிற்றைத் திறந்து கருப்பையிலேயே குழந்தையின் முதுகை மூடும் அறுவையை அமெரிக்காவில் மூன்று மருத்துவமனைகளில் சோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். பிறந்த பிறகு மூடிய குழந்தைகளில் ஒரு வயதுக்குள் நூற்றுக்கு 82 பேருக்கு ஷன்ட் தேவைப்பட்டது, வயிற்றிலேயே மூடியவர்களில் 40 பேருக்கு. துணையில்லாமல் நடந்தவர்கள் 21-லிருந்து 42 ஆனார்கள். பெரிய வித்தியாசம்தான். ஆனால் 26 வாரம் முடிவதற்குள் அதைச் செய்தாக வேண்டும், குறைமாதப் பிரசவம் கூடுகிறது, தாயின் கருப்பைத் தழும்பு அடுத்த பிரசவத்துக்கும் ஆபத்து. உங்கள் மகளின் முதல் ஸ்கேனே எட்டாம் மாதம். அப்போது அந்த வழி மூடியிருந்தது. இதைக் கைநழுவவிட்டோமே என்று குமைய வேண்டாம், அடுத்த கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

அடுத்த பிள்ளைக்கு வருமா என்றால், ஒரு பிள்ளைக்கு வந்த பிறகு மறுபடி வரும் வாய்ப்பு நூறில் இரண்டிலிருந்து ஐந்து வரை. அதைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரை இருக்கிறது. முன்பு இப்படிக் குழந்தை பெற்ற தாய்மார்கள் கரு உண்டாகும் முன்பே தினமும் 4 மில்லிகிராம் சாப்பிட்டால் நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமாகத் தடுக்கலாம் என்று 1991-ல் வெளியான, பிரிட்டன் தலைமையில் பல நாடுகளில் நடத்திய ஆய்வு நிரூபித்தது. இங்கே கிளினிக்கில் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. கர்ப்பம் என்று தெரிந்து ஆரம்பித்தால் பயனில்லை, அந்த 28 நாள் கடந்துபோயிருக்கும். குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2003 அக்டோபரிலிருந்து மீலி என்கிற மக்காச்சோள மாவிலும் கோதுமை மாவிலும் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயம். அதன் பிறகு இந்தப் பிறவிக் குறை சுமார் 30 சதவீதம் குறைந்தது. ஆடி மாதம் மாரியம்மனுக்கு நீங்கள் ஊற்றும் மீலிக் கூழில்கூட அது இருக்கிறது. ஆனால் மூன்று வேளையும் சோறு சாப்பிடும் வீட்டுக்கு அந்தப் பங்கு அவ்வளவாக வந்து சேராது, அரிசியில் சேர்ப்பது கட்டாயமில்லை. உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு எப்படியும் சாப்பாடு போதாது, மாத்திரைதான் வேண்டும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் மருந்து எடுக்கிறவர்களும், சர்க்கரை நோய் உள்ளவர்களும் கர்ப்பம் ஆகும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தங்கை பேரனுடைய கதை வேறு. தோல் மூடிய கட்டி என்றால் கிருமி பயம் அவ்வளவாக இல்லை, ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டாம். ஆனால் வெறும் கொழுப்புக் கட்டி என்று விடவும் கூடாது. முதுகின் நடுக்கோட்டில் கொழுப்பு, முடிக்கற்றை, சிவந்த மறு, ஆசனவாய்க்கு வெகு மேலே ஆழமான குழி, இவற்றில் ஒன்று இருந்தால் அடியில் தண்டுவடம் கட்டுண்டு கிடக்கலாம். தண்டுவடத்தின் நுனி இடுப்பின் மேல்பக்கத்தில் சுதந்திரமாகத் தொங்க வேண்டும். அது கீழே கொழுப்போடு ஒட்டியிருந்தால், பிள்ளை வளர வளர இழுபடும். காலில் பலம் குறையும், பாதம் வளையும், பயிற்சியான பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கும். என் வேலையின் ஆரம்ப வருடங்களில் ஒரு சிறுவன் வந்தான். அழகுக்காக எங்கேயோ கட்டியை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள், அதற்குள் நரம்பு ஓடுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அந்தக் கட்டியில் எம்ஆர்ஐ எடுக்காமல் யாரும் கத்தி வைக்கக் கூடாது. இரண்டு மாதக் குழந்தைக்கு முதுகெலும்பின் பின்புறம் இன்னும் குருத்தாக இருப்பதால் சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே நிறையத் தெரியும், இன்னும் சில வாரம் போனால் அந்த வசதி போய்விடும். இந்த வாரமே கிளினிக்கில் காட்டி, குழந்தைகள் மருத்துவருக்குக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். டர்பனில் இந்த அறுவைகள் ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனையில் நடக்கின்றன, அங்கே பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேராகப் போய்ப் பார்க்க முடியாது. உங்கள் பேத்திக்கும் இந்த இழுபடுதல் பிற்காலத்தில் வரலாம், தழும்பில் தண்டுவடம் ஒட்டிக்கொள்வதால். ஸ்கேன் எடுத்தால் இந்தக் குழந்தைகள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒட்டியிருப்பது தென்படும், அதற்காக மட்டும் அறுக்க மாட்டோம். நடையோ சிறுநீரோ மாறினால்தான்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கக் கூச்சப்பட்டது புரிந்தது. மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இல்லாத ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 1994 முதல் அரசு மருத்துவமனையில் இலவசம். கடுமையான ஊனத்தால் எப்போதும் ஒருவர் கூடவே இருந்து பார்க்க வேண்டிய குழந்தைக்கு அரசு உதவித்தொகை வழங்கும் சாசா அலுவலகத்தில் கேர் டிபெண்டன்சி கிராண்ட் என்ற மாத உதவித்தொகை உண்டு, 18 வயது வரை. குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள், மருத்துவப் பரிசோதனையும் உண்டு. வார்டில் இருக்கும் சோஷியல் ஒர்க்கரிடம் இப்போதே சொல்லிவைத்தால் காகித வேலையில் பாதியை அவரே முடித்துக்கொடுப்பார்.

அறுவைக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. இன்று ராத்திரியே ஒரு நோட்டு எடுத்து, நாப்பி எத்தனை மணிக்கு நனைந்திருந்தது, இரண்டு மணி நேரமாவது காய்ந்து இருந்ததா, அடிவயிறு உப்பியிருந்ததா என்று எழுத ஆரம்பியுங்கள். தலையின் அளவையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை, புருவத்துக்கு மேலாகவும் பின்தலை மேட்டின் மேலாகவும் டேப்பைச் சுற்றி அதிலேயே எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த நோட்டை மகள் கையில் கொடுத்தனுப்புங்கள்.